ஈயத்தாள் மாலை

போன வாரம் என் மருமகள் சாப்பாட்டு மேசை முழுவதும் படங்களைப் பரப்பிவிட்டாள். சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் சாப்பிடுவது, காய் நறுக்குவது, மருந்து போட்டுக்கொள்வது எல்லாம் அந்த மேசையில்தான். இடம் இல்லாததால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய அம்மாவுக்குப் பிறந்தநாள் வருகிறதாம். ஒரு காய்ந்த கொம்பு, அதிலிருந்து தொங்கும் சணல் கயிறுகள், கயிற்றில் துணி காயப்போடும் கிளிப்பைப் போலக் குட்டிக் குட்டிக் கிளிப்புகள், ஒவ்வொரு கிளிப்பிலும் ஒரு படம். இப்படி ஒன்றைக் கடையில் வாங்கப் போனால் ஆனை விலை சொல்கிறார்கள் என்றாள்.

“உங்ககிட்ட பழைய போட்டோ இருந்தா குடுங்க அத்தே. மாப்பிள்ள வீட்டுப் படமும் ரெண்டு இருக்கட்டும். கருப்பு வெள்ளைன்னா இன்னும் அழகா இருக்கும் லா.”

தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்தவள். கண் இரண்டும் சிவந்திருந்தன. போய்ப் படும்மா என்று சொல்ல நினைத்தேன். நினைத்ததை எல்லாம் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. உள்ளே போய் பிஸ்கட் தகரத்தை எடுத்துவந்து கொடுத்தேன்.

அவள் கிளறிக் கிளறி, கட்டை விரல் அளவு படம் ஒன்றை எடுத்தாள். “இதென்ன அத்தே, மேல ரெண்டு மூலையிலயும் சல்லடையாட்டம் ஓட்டை? பூச்சி அரிச்சிருச்சா?”

“ஊசி குத்துனதும்மா.”

“இவ்வளவா? யாரு இவரு?”

“என் சித்தப்பா. சின்னம்மாவோட வீட்டுக்காரரு.”

“இப்ப இருக்காரா?”

“தெரியலம்மா.”

அவள் சிரித்துவிட்டாள். “நல்லா இருக்கே கதை. சொந்தச் சித்தப்பா இருக்காரா இல்லையான்னு தெரியாதா உங்களுக்கு?” என்று சொல்லிப் படத்தைத் தகரத்திலேயே போட்டுவிட்டுத் தூங்கப் போனாள். கேட்டதை மறந்தும் போயிருப்பாள். எனக்குத்தான் அன்று முழுவதும் கை எதிலும் ஓடவில்லை. வாயால் சொல்ல எனக்கு வராது. எதிரில் ஒரு முகம் இருந்தால் பாதியில் நின்றுவிடுவேன். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஜார்ஜ் டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்பக்கத்துச் சந்து ஒன்றில், கடைவீட்டின் மாடியில் ஓர் அறையில் குடியிருந்தோம். அப்பா துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கினார். அம்மா நாசி கண்டார் சோற்றுக் கடையில் பாத்திரம் கழுவினாள். எனக்கு மூத்தவள் ஓர் அக்கா. அறையின் ஒரு மூலையில் சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் சின்னம்மா, அதாவது அம்மாவின் தங்கை, படுத்துக்கொள்வாள். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். சித்தப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர். போய் வீடு பார்த்துவிட்டு ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். வந்தது ஒரே ஒரு தபால் அட்டை. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், சின்னம்மா மாடிப்படி இறங்கினால் சந்தில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் ஏதோ கேட்க வேண்டியிருந்தது என்பதுதான். கடை முன்நடையான அஞ்சடியில் பூக்கட்டுகிற அக்கா தலையைத் தூக்காமலே கேட்பாள்: “என்ன, கடுதாசி வந்துச்சா?” ஜவுளிக் கடைக்காரர் துணியை மடித்துக்கொண்டே, “எப்ப வர்றாராம் வீட்டுக்காரரு?” என்பார். கோப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும் ஆள், “சிங்கப்பூரு என்ன சந்திரனிலயா இருக்கு? ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாறதுதானே?” என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். யாரும் கெட்டவர்கள் இல்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்கள். சின்னம்மா எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள்: “வருவாரு.” ஆஸ்பத்திரிக்கு நேரே போகும் பெரிய ரோட்டை விட்டு, சாக்கடை ஓரமாகப் பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போவாள். அது குறுக்கு வழி என்றே நான் வெகு காலம் நினைத்திருந்தேன்.

பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளுக்குக் ஊழியர் கோட்டர்ஸில் ஒரு வீடு ஒதுக்கினார்கள். வீடென்றால் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும். அம்மாவுக்கு மனசில்லை. தனியாக எப்படி இருப்பாய் என்று துணி மடித்துக்கொண்டே கேட்டாள். சின்னம்மா இரவு வேலை முடித்துவந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“அங்க யாருக்கும் என்னத் தெரியாதுக்கா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அது ஒண்ணு போதும் எனக்கு.”

நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு காதில் விழுந்தது. ஆனால் எனக்கு அதில் பெரிதாகப் பட்டது ஒன்றுதான். புது வீடு என்றால் பால் காய்ச்சுவார்கள். பால் காய்ச்சினால் எல்லாரும் ஏதாவது கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நாங்கள் என்ன கொடுப்பது?

அம்மா ஒரு குடமோ சட்டியோ வாங்கிக் கொடுக்கலாம் என்று பார்த்தாள். அந்த மாதம் அதற்கு வழியில்லை. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். பள்ளியில் கைவேலை டீச்சர் அட்டையில் படச்சட்டம் செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தார். குடும்பத்தில் எல்லார் படத்தையும் ஒரே பலகையில் ஒட்டி மாட்டுகிற மாதிரி செய்து கொடுக்கலாமே என்றேன். சின்னம்மாவுக்கு அங்கே தனியாக இருப்பது போலத் தெரியாது.

“படத்துக்கு எங்க போறது?” என்றாள் அம்மா.

படம் இருந்தது. அடையாள அட்டையான ஐசிக்குப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனால் தேவைக்கு மேல் சில பிரதிகள் கொடுப்பார்கள். மிச்சம் எல்லாம் அம்மாவின் பிஸ்கட் தகரத்தில் கிடந்தன. அதே தகரம்தான் இது. பலகையில் ஒட்டிய படமும் பின்னால் இதற்கே திரும்பி வந்தது.

அப்பா கிடங்கிலிருந்து உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். அந்தப் பெட்டிகளுக்கு உள்பக்கம் ஈயத்தாள் ஒட்டியிருக்கும். அதையும் கிழியாமல் உரித்துக் கொடுத்தார். அக்காவின் கிழிந்த ரவிக்கையில் முதுகுத் துணி மட்டும் நன்றாக இருந்தது, கத்தரிப்பூ நிறம். அதைப் பலகை மேல் இழுத்து ஒட்டினேன். பசைக்கு மரவள்ளி மாவைக் காய்ச்சினேன். ஓரத்துக்கு அலங்காரம் வேண்டுமே. சந்து முனையில் மீ நூடுல்ஸ் பிரட்டுகிற சீனர் கடையில், சதை எடுத்த கெராங் மட்டிச் சிப்பிகளைக் கூடையில் கொட்டி வைத்திருப்பார்கள். ஒரு டின் நிறையக் கேட்டு வாங்கிவந்து, கழுவி, காயவைத்து, சுற்றிலும் ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாற்றம்தான் போகவில்லை.

“இது போட்டோ பலகையா, கருவாட்டுக் கடையா?” என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள் அக்கா.

“உன் ரவிக்கை வாசம்” என்றேன். அக்காவிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும்.

“என் படத்த நடுவுல ஒட்டு. உன் படம் எங்க?”

எனக்குப் படம் இல்லை. பன்னிரண்டு வயதானால்தான் ஐசி. அக்கா விட்டுவிடுவாளா? “நீ இன்னும் அரசாங்கத்துக் கணக்கிலயே சேரல. உனக்கு எதுக்குப் போட்டோ?” என்றாள். அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் செய்தது நான் என்று சின்னம்மாவுக்குத் தெரியுமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தகரத்துக்குள் இரண்டு உறைகள் இருந்தன. வெள்ளை உறையில் அப்பா, அம்மா, அக்கா, சின்னம்மா. பழுப்பு உறையை அம்மா வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு முந்தின நாள் படையல் போடும்போதுதான் எடுப்பாள். அதில் இருப்பவர்கள் எல்லாம் செத்துப்போனவர்கள். அம்மாவைப் பெற்றவர்கள், அப்பாவின் அண்ணன், இப்படி. வெள்ளை உறையில் சித்தப்பாவைத் தேடினேன். இல்லை. பழுப்பு உறையில் பார்த்தேன். இருந்தார். அப்பாவின் அண்ணன் படத்துக்குப் பின்னால், வாரிவிட்ட தலையோடு, போலீஸ்காரன் பிடித்து நிறுத்தினது மாதிரி முறைத்துக்கொண்டு.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கினதாக நினைத்துக்கொண்டேன். சித்தப்பாவைப் பற்றி வீட்டில் ஏன் யாரும் பேசுவதில்லை, தீபாவளிக்கு அவருக்கு ஏன் சட்டை எடுப்பதில்லை, சின்னம்மா ஏன் திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சுகிறாள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விடை கிடைத்துவிட்டது. சந்தில் இருக்கிறவர்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். சின்னம்மாவின் நெற்றியில் தினமும் குங்குமம் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். குங்குமத்துக்கும் புருஷனுக்கும் உள்ள சம்பந்தத்தை எனக்கு யாரும் அதுவரை சொல்லித் தரவில்லை. கழுத்தில் கிடந்த தாலி ஒரு நகை என்றுதான் நினைத்திருந்தேன்.

பலகையின் நடுவில் சின்னம்மாவை ஒட்டி, பக்கத்தில் சித்தப்பாவை ஒட்டினேன். சட்டை வாங்கினால் சுற்றிவரும் கண்ணாடித்தாளை எடுத்து மேலே மூடினேன். அம்மா கடையிலிருந்து வந்ததும் கொண்டுபோய்க் காட்டினேன். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து அவள் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஒவ்வொரு படமாகப் பார்த்துவந்தவள் சித்தப்பாவிடம் நின்றாள்.

“இவர எங்கேருந்து எடுத்த?”

“தகரத்துலேருந்து.”

பலகையை மடியில் சாய்த்து வைத்தாள். பிறகு, “சரி, இருக்கட்டும். இல்லாட்டி அதுக்கும் ஏன்னு கேப்பாங்க” என்று சொல்லிவிட்டு, கால் நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் மாடிக்குக் கீழே இருந்த கடையில் முதலாளியின் அப்பா படம் ஒன்று உண்டு. அதற்குச் சந்தனப் பொட்டும் மாலையும் போட்டு, ஒரு சின்ன சிவப்பு விளக்கும் எரியும். செத்தவர்களுக்கு அதுதான் மரியாதை என்று நான் அறிந்துவைத்திருந்தேன். சித்தப்பாவை மட்டும் இப்படி வெறுமனே விட்டால் சின்னம்மா மனசு என்ன பாடுபடும்? மிச்சமிருந்த ஈயத்தாளைப் பூப்பூவாகக் கத்தரித்து, தையல் நூலில் கோத்து, என் விரல் நீளத்துக்கு ஒரு மாலை செய்தேன். யாரிடமும் காட்டவில்லை. சின்னம்மா பார்த்து ஆச்சரியப்பட வேண்டும் என்று எனக்கு ஆசை.

பால் காய்ச்சும் நாள் காலையில், அம்மா தட்டில் குழைத்து வைத்திருந்த சந்தனத்தில் ஒரு துளி எடுத்து, கண்ணாடித்தாளின் மேல் சித்தப்பாவின் நெற்றி இருக்கும் இடத்தில் வைத்தேன். படத்தின் மேல் மூலைகளில் இரண்டு குண்டூசி குத்தி மாலையை மாட்டினேன். பிறகு பலகையைப் பத்திரிகைத் தாளில் சுற்றி நூல் போட்டுக் கட்டினேன். பஸ்ஸில் போகும்போது யார் கேட்டும் அதைக் கையிலிருந்து விடவில்லை.

கோட்டர்ஸ் வீட்டில் கூட்டம் அதிகமில்லை. நாங்கள் நான்கு பேர், சின்னம்மாவோடு வேலை பார்க்கிற சில ஆயாக்கள், பக்கத்து வீட்டு அம்மா ஒருவர். சின்னம்மா தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். அவளை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததில்லை. மண்ணெண்ணெய் அடுப்பில் புதுப் பாத்திரத்தை அவள்தான் ஏற்றினாள். சுவரில் தண்ணீர்மலை முருகன் படம் ஒன்று மட்டும் மாட்டியிருந்தது. பால் சுடுகிற நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா என் மடியில் இருந்ததைப் பார்த்துவிட்டார்.

“என்னம்மா அது? பிரிச்சுக் காட்டேன், பார்ப்போம்.”

பிரித்தேன். சிப்பி வாசம் முதலில் வந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். “அட, இந்தச் சின்னப் பிள்ளையா செஞ்சுச்சு?” என்று ஓர் ஆயா என் கன்னத்தைத் தட்டினாள். பக்கத்து வீட்டு அம்மாவின் விரல் மட்டும் நேராக மாலையின் மேல் வந்து நின்றது.

“ஐயோ, வயசு சின்னதா இருக்கே. யாரும்மா இவரு?”

யாராவது கேட்டால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போகிற பிள்ளை நான். அன்றைக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ! நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

“எங்க சித்தப்பா. சின்னம்மாவோட வீட்டுக்காரரு. செத்துப் போயிட்டாரு.”

அந்த அம்மா மெல்லத் தலையைத் திருப்பிச் சின்னம்மாவின் நெற்றியைப் பார்த்தார். பிறகு கழுத்தைப் பார்த்தார். பிறகு அடுப்பில் இருந்த பாலைப் பார்த்தார். மற்றவர்களும் அப்படியே வரிசையாகப் பார்த்தார்கள். அப்பா தீப்பெட்டியைத் தடவிக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாக வழிந்தால் நல்லது என்பார்கள்; அது எந்தப் பக்கம் வழிந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அடுப்பு அணைந்து, கருகின வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் அறை முழுக்க நிறைந்தன.

சின்னம்மாதான் முதலில் அசைந்தாள். துணியால் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்து பலகையை வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்கு அது சந்தோஷத்தில் பார்ப்பது மாதிரிதான் இருந்தது.

“நீ எங்கடி இதுல?” என்று கேட்டாள்.

“எனக்கு ஐசி இல்லையே.”

“ஆமா லா” என்று சொல்லிக் கொஞ்சம் சிரித்தாள். பிறகு பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: “புள்ள தெரியாம போட்டுருச்சுக்கா. அவரு சிங்கப்பூர்ல இருக்காரு.”

“அப்படியா! நல்ல வேளை, என் நெஞ்சே நின்னுபோச்சு” என்று அவர் மார்பில் கை வைத்துக்கொண்டார். மூச்சு விட்டு முடித்தவுடனே அடுத்ததைக் கேட்டார். “சிங்கப்பூர்லயா? எப்ப வருவாரு?”

சின்னம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். மாலையைக் கையில் எடுத்தாள்.

“வருவாரு” என்றாள்.

எழுந்து போய் முருகன் படத்துக்கு அந்த மாலையைப் போட்டாள். மாலை சாமிக்குத்தான் என்று எனக்குச் சொல்வது போலச் சொன்னாள். சந்தனப் பொட்டை விரலால் துடைத்துவிட்டு, முருகனுக்குக் கீழே ஓர் ஆணியில் பலகையை மாட்டினாள். எல்லாருக்கும் டம்ளரில் பால் வந்தது. கருகல் ருசி. இருந்தும் எல்லாரும் குடித்து முடித்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. அடிப்பதற்கும் தெம்பு வேண்டுமே. கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டாள்:

“யாருடி உனக்குச் சொன்னா, அவரு செத்துட்டாருன்னு?”

“நீங்கதான்ம்மா அந்தப் பழுப்பு உறையில வச்சிருந்தீங்க.”

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீடு வந்து சேரும் வரை திரும்பவில்லை. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு ஒருநாள், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னாள். சிங்கப்பூருக்குப் போய்வருகிற ஒரு லோரிக்காரர் கடைக்குச் சாப்பிட வந்தாராம். உன் தங்கச்சி புருஷன் அங்கே குடும்பமாக இருக்கிறான், பிள்ளைகூட இருக்கிறது என்றாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, செத்தவர்களோடு கிடக்கட்டும் என்று படத்தை உறை மாற்றிப் போட்டிருக்கிறாள். தங்கச்சியிடம் சொல்ல வாய் வரவில்லை. பிறகும் சொல்லவில்லை. சின்னம்மாவுக்கு அது வேறு வழியாகத் தெரிந்திருந்ததா என்று நான் கேட்டேன். “யாருக்குத் தெரியும்? அவ கேக்கல, நான் சொல்லல” என்றாள்.

அந்தப் பால் காய்ச்சலுக்குப் பிறகு, பள்ளி விடுமுறை வந்தால் நான் சின்னம்மாவிடம் போய் இருப்பேன். முதல் தடவை போனபோது கதவைத் திறந்ததும் சுவரைத்தான் பார்த்தேன். மாலை முருகனிடம் இல்லை. சித்தப்பாவின் படத்துக்கே திரும்ப வந்திருந்தது. இரண்டு மூலையிலும் குண்டூசி. எனக்கு ஒரே பெருமை. நான் செய்ததுதான் சரி என்று சின்னம்மாவுக்கு இப்போது தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். சின்னம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து முகம் கழுவியிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. இனிமேல்தான் பொட்டு வைப்பாள் என்று நினைத்தேன். சாயங்காலம் வரை வைக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா வாசலில் எட்டிப்பார்த்து ஒரு கிண்ணத்தில் குழம்பு கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. சின்னம்மா வாங்கிக்கொண்டு வந்து எனக்குச் சோறு போட்டாள். அவள் பாயில் படுத்துத் தூங்கினதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எங்கள் அறையில் திரைக்குப் பின்னால் புரண்டுகொண்டே இருப்பாளே தவிர, இப்படி அசையாமல் தூங்கினதில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “பார்த்தத வெளிய யார்கிட்டயும் சொல்லாத” என்றாள்.

அடுத்த தடவை போனபோது மாலை முருகனிடம் இருந்தது. சின்னம்மா குங்குமம் வைத்து, தலையில் பூ வைத்திருந்தாள். தைப்பூசம் வந்துகொண்டிருந்தது, தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்க விரதம் என்றாள். பேச்சில் கலகலப்பு இருந்தது. என்னைப் பசாருக்குக் கூட்டிப்போய் ரிப்பன் வாங்கிக் கொடுத்தாள். தைப்பூசம் முடிந்து கொஞ்ச நாள் கழித்துப் போனால் மாலை மறுபடி சித்தப்பாவிடம். அந்த வருஷம் முழுக்க இப்படியே மாறி மாறி இருந்தது. நான் துடைக்கத்தான் கழற்றுகிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்ததில், தப்பு என்னுடையதுதான் என்று பட்டது. இருப்பது ஒரே மாலை. சாமிக்கும் வேண்டும், சித்தப்பாவுக்கும் வேண்டும். பாவம், சின்னம்மா என்ன செய்வாள்? வேலையிலிருந்து களைத்து வந்து இந்தக் குண்டூசியைப் பிடுங்குவதும் குத்துவதும் அவளுக்கு ஒரு வேலையா? படத்தின் மூலை வேறு கிழிந்துகொண்டே வந்தது.

அப்பாவிடம் சொல்லி இன்னொரு தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை உரித்து வாங்கினேன். இந்தத் தடவை இன்னும் நன்றாகச் செய்தேன். பூவுக்கு நடுவில் அக்காவின் ரிப்பனைச் சின்னச் சின்னதாக வெட்டி வைத்துக் கோத்தேன். அடுத்த விடுமுறை நாளில் அதை ஒரு தீப்பெட்டிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, அம்மாவோடு சின்னம்மா வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு மாலை முருகனிடம் இருந்தது.

தீப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். “சின்னம்மா, இத சித்தப்பாவுக்குப் போட்டுருங்க. இனிமே மாத்தி மாத்திப் போட வேண்டாம். ஆளுக்கு ஒண்ணு.”

சின்னம்மா தீப்பெட்டியை வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சின்னம்மா என் விரல்களை மடக்கி, தீப்பெட்டியை என் கைக்குள்ளேயே மூடிவிட்டாள்.

“வேணாம்மா. ஒண்ணே இருக்கட்டும்.”

அவ்வளவுதான் சொன்னாள். சோறு போட்டாள், தலை வாரிவிட்டாள், பஸ் நிறுத்தம் வரை வந்து ஏற்றிவிட்டாள். இரண்டாவது மாலை முதல் மாலையைவிட அழகு. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆளுக்கு ஒன்று இருந்தால் மாற்றி மாற்றிப் போடுகிற வேலை மிச்சம்தானே, இவ்வளவு சின்ன விஷயம் சின்னம்மாவுக்கு ஏன் புரியவில்லை என்று, தீப்பெட்டியைக் கைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வீடு வந்து சேரும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.